இரண்டு கட்டில் கேபின்

நாள் முழுக்கக் குளிர்பதனக் கிடங்கில் விறைத்துக்கொண்டு நிற்கிற மனிதர், லீவு கிடைத்தால் வெயில் காய எங்காவது போவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிடங்குக்காரர் பனிமலை பார்க்கப் போகலாம் என்றார். அதுவும் பூமியின் ஒரு கோடிக்கு, கப்பலில். அவருடைய மனைவி முதலில் சிரித்தாள். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகவே தலையாட்டினாள்.

அவளுக்கு அந்த வீட்டில் சின்னவள் என்று பேர். கல்யாணம் ஆன அன்றே புருஷன் வீட்டார் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆளைப் பார்த்து வைத்த பேர் இல்லை. சின்னவள் நல்ல வாட்டசாட்டம். அவள் உட்கார்ந்தால் இரண்டு பேர் உட்காரும் சோபாவில் பூனைக்குத்தான் இடம் மிஞ்சும். செத்துப்போன முதல் மனைவி பெரியவள் என்பதால் இவள் சின்னவள். பெரியவளோ, போட்டோவில் பார்த்தால், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. முறை என்று வந்துவிட்டால் சைஸை யார் பார்க்கிறார்கள்.

வீட்டில் இருந்த எல்லாமே பெரியவள் பார்த்து வாங்கியது. திரைச்சீலை, தட்டு, டம்ளர், குளியலறையில் துண்டு மாட்டும் கொக்கி வரைக்கும். கொக்கி சின்னவளின் மார்பு உயரத்தில் இருந்தது. இரண்டு பேர் படுக்கிற கட்டிலில் இவளுக்குக் கிடைத்த பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. சின்னவள் இதையெல்லாம் பெரிதுபடுத்தவில்லை. நாற்பது தாண்டி நடந்த கல்யாணம். வரும்போதே எல்லாம் புதுசாக வேண்டும் என்று அடம்பிடிக்க முடியுமா? ஆனால் இந்தக் கப்பல் பயணம் தனக்கும் அவருக்கும் மட்டுமானதாக இருக்கும் என்று நம்பினாள். வேறு யார் கையும் படாத ஒரு விஷயம் அவளுக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அவள் ஆசை.

டிராவல்ஸ்காரர் நன்றாகப் பேசுகிறவர். சுவரில் ஒட்டியிருந்த உலக வரைபடத்தைப் பேனாவால் மேலும் கீழும் தட்டிக் காட்டினார்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. வடக்கா, தெற்கா? வடக்குன்னா பனிக்கரடி. தெற்குன்னா பென்குயின். ரெண்டையும் ஒரே இடத்துல காட்டுறேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க."

சின்னவளுக்குக் கரடி பார்க்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தாள்.

"தெற்கு," என்றார் கிடங்குக்காரர்.

"கப்பல் பெருசா, சின்னதா? பெருசுன்னா நீச்சல்குளம், பாட்டு, கூத்து எல்லாம்..."

"சின்னது. பெரிய கப்பல்ல கரையில இறங்கவே முறை வெச்சு விடுவாங்க. பாதி நேரம் ஜன்னல் வழியாதான் வேடிக்கை பாக்கணும்."

"அடேங்கப்பா, சார் கரைச்சுக் குடிச்சுட்டுல்ல வந்திருக்காரு."

"கேபின் நடுவுல வேணும். கீழ்த்தளத்துல. மேல போகப் போக ஆட்டம் ஜாஸ்தி. இவளுக்கு ஊஞ்சல்ல உக்காந்தாலே தலை சுத்தும்."

சின்னவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்கு ஊஞ்சல் என்றால் உயிர். பூங்கா வழியாகப் போனால் பிள்ளைகள் இறங்கும்வரை காத்திருந்து இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வருவாள். போன மாதம் அவரேதான் பின்னால் நின்று தள்ளிவிட்டார். சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளுக்கு ஒரு குளிர் ஜாக்கெட் குடுத்துருவாங்க. அது உங்களுக்கே. சைஸ் மட்டும் இப்பவே சொல்லிடணும்," என்றார் டிராவல்ஸ்காரர்.

"எனக்கு லார்ஜ். இவளுக்கு ஸ்மால்."

டிராவல்ஸ்காரர் சின்னவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மரியாதையாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உள்ள ரெண்டு ஸ்வெட்டர் வேற போடணுங்க," என்று இழுத்தார்.

"ஸ்மாலே இருக்கட்டும். ஒரு கைக்கு இதைப் போட்டுக்கறேன், இன்னொரு கைக்கு இன்னொண்ணு வாங்கிக்கலாம்," என்றாள் சின்னவள். மூன்று பேரும் சிரித்தார்கள். கிடங்குக்காரர் சிரித்தாரே தவிர, சொன்னதைத் திருத்தவில்லை. டிராவல்ஸ்காரர் கெட்டிக்காரர், சைஸை எழுதாமல் விட்டுவிட்டு, வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் கேட்டாள். சண்டை போடுகிற எண்ணம் இல்லை, சும்மா கேட்டுவைத்தாள்.

"என்னங்க, இந்தக் கப்பல், கேபின் எல்லாம் எப்போ பாத்தீங்க? என்னை ஒரு வார்த்தை கேக்கலியே. நாம எப்போ முடிவு பண்ணினோம்?"

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். "அதெல்லாம் நாங்க எப்பவோ முடிவு பண்ணியாச்சு. நீ எதுக்குக் கவலைப்படுறே?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. வேறு பாஷைக்காரியாக இருந்தால் இது உறைத்திருக்காது. எந்தப் புருஷனாவது பெண்டாட்டி முகத்தைப் பார்த்து 'நாங்க' என்பானா? 'நாம' என்பான். 'நாங்க' என்றால் எதிரில் நிற்கிறவள் கணக்கில் இல்லை என்று அர்த்தம். பேச்சு வராத பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். வாய் தவறிச் சொல்லிவிட்டாரா என்று பார்த்தாள். அவருக்குத் தவறியதே தெரியவில்லை. கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிப்பார். உள்ளறைப் பக்கம் தலையைத் திருப்பி, "இதோ வந்துட்டேன்," என்றபடி எழுந்து போனார்.

உள்ளறையில் யாரும் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. இந்த 'இதோ வந்துட்டேன்' வீட்டில் அடிக்கடி நடப்பதுதான். காது டாக்டரிடம் வேலை பார்க்கிறவளாயிற்றே, அவருக்குக் காதில் ஏதோ கோளாறு என்று இதுவரை நினைத்திருந்தாள். சோதித்தும் பார்த்திருக்கிறாள். காது கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

மறுநாள் நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் எதையும் மறைக்கத் தெரியாதவள்.

"பெரியண்ணிக்கு அந்த ஐஸ்மேல ஒரே பைத்தியம் அண்ணி. எந்தக் கப்பல், எந்தக் கேபின்னு பாத்துப் பாத்துப் பேசுவாங்க. கிளம்பற நேரத்துல கிடங்குல ஏதாவது ஒண்ணு முளைச்சுடும். மெஷின் நின்னுடும், இல்ல ஆள் வர மாட்டான். அண்ணன் தள்ளிப் போட்டுடுவாரு."

"அவங்க கோவப்படலையா?"

"கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். பேச்சையே குறைச்சுட்டாங்க. அப்புறம் உடம்பு முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரியில அவங்க கண்ண மூடறப்பக்கூட அண்ணன் கிடங்குலதான் இருந்தாரு. அன்னைக்குப் பாத்து கிடங்குக்குள்ள சிக்னல் கிடைக்கலை, போன் போகலை." நாத்தனார் கொஞ்சம் தயங்கினாள். "உங்களைக் கூட்டிட்டுப் போறாருன்னு கேள்விப்பட்டதும் எங்களுக்கெல்லாம் நிம்மதியா இருந்துச்சு."

யாருக்கு நிம்மதி என்று கேட்க நினைத்து, சின்னவள் போனை வைத்துவிட்டாள்.

அவள் வேலை, மனிதர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது. சுவரெல்லாம் மெத்தை வைத்து, முன்பக்கம் மட்டும் கண்ணாடி போட்ட ஒரு அறை. அலமாரியை விடக் கொஞ்சம்தான் பெரிது. உள்ளே ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். வெளியே மெஷினில் இருந்து 'பீப்' என்று சத்தம் அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் இவள் பக்கம் ஒரு பச்சை விளக்கு எரியும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவாள். விளக்கு எந்த இடத்தில் எரியாமல் போகிறதோ, அதுதான் அந்தக் காதின் எல்லை.

டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். வெளியே யாரும் காத்திருக்கவில்லை. மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காலியாக இருந்த அறைக்கு ஒரு சத்தம் அனுப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது.

பொத்தான் சிக்கிக்கொண்டிருக்கும் என்று உள்ளே போய்ப் பார்த்தாள். அது நாற்காலியின்மேல் சும்மா கிடந்தது. சிக்கலும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளியே வந்து சத்தத்தைக் குறைத்து அனுப்பினாள். எரிந்தது. இன்னும் குறைத்தாள். எரிந்தது. எந்த மனிதக் காதுக்கும் கேட்காத அளவுக்கு இறக்கினாள். அதற்கும் எரிந்தது.

சின்னவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். ஓடியிருக்கலாம். ஆனால் இது அவள் வேலை செய்கிற இடம். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களைக் கேள்வி கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். உள்ளே இருக்கிறவர்களிடம் பேசுகிற மைக்கை எடுத்தாள்.

"தெற்கேயா போகணும்?"

விளக்கு எரிந்தது.

"வடக்கே?"

எரியவில்லை.

கேட்க விருப்பமே இல்லாத கேள்வியைக் கேட்டாள். "அவரும் நீங்களுமா போறீங்க?"

எரியவில்லை. கண் தவறியிருக்குமோ என்று இன்னொரு தடவை கேட்டாள். எரியவே இல்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது. வந்த வேகத்தில் அடுத்ததையும் கேட்டுவிட்டாள். "அப்ப, அவரும் நானுமா?"

அதற்கும் எரியவில்லை. சின்னவளுக்கு ஆத்திரமாக வந்தது. நீயும் போகமாட்டாய், என்னையும் விடமாட்டாய், பின்னே என்னதான் வேண்டும் உனக்கு என்று கத்த வேண்டும் போலிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த நாற்காலி. கால் தரையில் எட்டாத ஒருத்தி அதில் உட்கார்ந்து, எத்தனையோ வருஷமாகக் கிளம்பத் தயாராகக் காத்திருந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. கோபம் போன இடம் தெரியவில்லை. அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அதுவரை சின்னவளுக்குத் தெரியாமலே இருந்தது.

"அக்கா," என்றாள். "நாம போலாமா?"

விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. சோதனைக்கு வருகிறவர்கள் அழுத்திவிட்டு உடனே விரலை எடுத்துவிடுவார்கள். உள்ளே இருந்தவள் விரலை எடுக்கவே இல்லை. சின்னவள் மைக்கைக் கையில் பிடித்தபடியே அழுதாள். அந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து இப்போதுதான் ஒருவர் அவளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அது உயிரோடிருக்கிற ஆளாக இருந்திருக்கலாம். அப்படி இல்லாமல் போனதற்கு யார் என்ன செய்ய முடியும்?

அந்த வாரக் கடைசியில் மறுபடியும் டிராவல்ஸுக்குப் போனார்கள். மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலி இருந்தது. கிடங்குக்காரர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். சின்னவள் நடுவில் உட்காராமல் அடுத்த ஓரத்துக்குப் போனாள்.

"என்ன சார், முடிவு பண்ணியாச்சா?"

"நான் சொல்றேன்," என்றாள் சின்னவள். "தெற்குதான். சின்னக் கப்பல். நடு கேபின், கீழ்த்தளம். அவர் சொன்னது எல்லாமே சரி. ரெண்டு கட்டில் வேணும்."

கிடங்குக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"ஜாக்கெட்?"

"எனக்கு டபுள் எக்ஸ்எல். இன்னொண்ணு ஸ்மால்."

டிராவல்ஸ்காரர் சிரித்தார். "சார் தோளுக்கு ஸ்மால் எங்கங்க பத்தும்?"

"அவருக்கு இல்லைங்க. அவரால கிடங்கை விட்டுட்டு வர முடியாது. என் பேரை மட்டும் எழுதிக்குங்க, போதும்."

"ஒருத்தர்தான்னா தனிக் கட்டில் போட்ட கேபினே இருக்கே மேடம்."

"வேண்டாம். ரெண்டு கட்டில் போட்டதே குடுங்க. நாங்க ரெண்டு பேர் போறோம்."

டிராவல்ஸ்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வியாபாரம் தெரிந்தவர், கேட்காமல் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். கிடங்குக்காரருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது முகத்தில் மெல்ல மெல்ல ஏறியதைச் சின்னவள் பார்த்தாள். ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவள் மனசு இளகத்தான் செய்தது. தன்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை, வேண்டாம் என்றோ, நானும் வருகிறேன் என்றோ சொல்லிவிட்டால் போதும், எல்லாவற்றையும் மாற்றி எழுதச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

அவர் தலையைத் திருப்பினார்.

"அப்ப நான்?" என்றார்.

அவர் அதைச் சின்னவளைப் பார்த்துக் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.