ஆரின் டாக்கெட்டின் துப்பாக்கி கனத்த வருஷம்

மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, ஆரின் டாக்கெட்டின் மான் துப்பாக்கி நானூற்றுப் பத்து பவுண்டு எடை ஆனது. முந்தின நாள் வரை ஏழரைதான். மாட்டியிருந்த ஆணிகள் பிடுங்கிக்கொண்டு வந்தன, தரைப்பலகை இரண்டு உடைந்தது. ஆரினால் அதை நகர்த்தக்கூட முடியவில்லை. மனைவி வெர்லீனைப் புதைத்து அன்றோடு ஐந்து வாரம். அவர் துப்பாக்கியைத் தேடிப் போனது மானுக்காக இல்லை.

கென்டக்கி மலைப்பக்கம் பிரையர் ஃபோர்க்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கேக்கோடு வருவார், போகும்போது அந்த வீட்டுத் துப்பாக்கிகளை எடுத்துப் போவார், மனசு தேறியதும் கொண்டுவந்து கொடுப்பார். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆரின் வீட்டுக்கு மட்டும் ஒருத்தரும் வரவில்லை. எல்லாம் அவர் வாயால் வந்த வினை. மனசு உடைந்தவர்களின் துப்பாக்கியை நீதிபதி வாங்கி வைக்கலாம் என்று மூன்று வருஷம் முன்னால் ஒரு சட்டம் பேச்சுக்கு வந்தது. ஊர்க் கூட்டத்தில் ஆரின் எழுந்து, இது அரசியல் சாசனம் கொடுத்த உரிமை, என் துப்பாக்கியைத் தொடுகிறவன் கையை ஒடிப்பேன் என்று கத்தினார். சட்டம் வேண்டும் என்று பேசியவர் வெண்டெல் ஸ்காக்ஸ், இருபது வருஷம் கூட வேட்டைக்குப் போன சிநேகிதர். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஊரும் ஆரினின் உரிமைக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நின்றது. நல்ல மரியாதை, போங்கள்!

ஒன்பது நாள் கடப்பாரையோடு மல்லுக்கட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் வெண்டெலின் கதவைத் தட்டினார் ஆரின். வெண்டெல் வந்து, குனிந்து, அதை ஒரே கையில் எடுத்தார். அவர் கையில் அது ஏழரை பவுண்டுதான் இருந்தது. ஆரினுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"அது என் உரிமைடா," என்றார்.

"உன்னுதுதான், எவன் இல்லைன்னான்? நீயே தூக்குற அன்னிக்கு எடுத்துட்டுப் போ. அதுவரைக்கும் என் வீட்ல கிடக்கட்டும்."

"நீ முன்னாடியே வந்திருக்கலாம்."

"கையை ஒடிப்பேன்னியே," என்றார் வெண்டெல். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வந்திருக்கணும்டா. தப்பு என்னுது," என்றார்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் ஆரின் துப்பாக்கியைத் தூக்கிப் பார்க்கப் போனார். தூக்க முடியாது. சோள ரொட்டியும் பீன்ஸும் தின்றுவிட்டு, வெர்லீனைப் பற்றிப் பேசிவிட்டு, சில வாரம் அழுதுவிட்டுத் திரும்புவார். ஜூனில் துப்பாக்கியின் அடிக்கட்டை ஒரு விரற்கடை எழும்பியது. செப்டம்பரில் முழங்கால் வரை வந்தது. நவம்பரில் வேட்டை தொடங்கிய காலை, ஆரின் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். வெண்டெல் காபி பிளாஸ்க்கோடு பின்னால் போனார். மான் எதுவும் கிடைக்கவில்லை. இருவருக்கும் அதில் வருத்தமும் இல்லை.

சட்டம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது, அதில் இருவரும் இன்னும் எதிரெதிர்க் கட்சிதான். அந்த மலைப்பக்கம் இப்போது எந்த வீட்டிலாவது துப்பாக்கி கனத்துப்போனால், குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து வெண்டெலின் மகன் ஒரு லாரி விபத்தில் போனபோது, அவர் யாரையும் கூப்பிடவில்லை. அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே, சுடத் தெரியாமல் சுட்டுக் கருகிய ஒரு கேக்கோடு ஆரின் வந்து நின்றார்.