சோனா உட்கார்ந்தாள்

காஷ்மீரில் சாலையோரம் புதைத்த குண்டுகளைத் தேடிய ராணுவ ஜோடி, ஏகாம்பரமும் மோப்ப நாய் சோனாவும். வெடிமருந்து வாடை அடித்தால் சோனா குரைக்க மாட்டாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். ஏகாம்பரம் பந்தைத் தூக்கிப் போட்டு, "சாபாஷ்!" என்றால்தான் எழுந்திருப்பாள். இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்றுத் திருநின்றவூருக்கு வந்தார்கள்.

"தாலி கட்னது எனக்கு, குடித்தனம் அதோட" என்பாள் மனைவி அனுசுயா.

பக்கத்து வீட்டுக் கார்த்திகா, தன் புதுமனை புகுவிழாவுக்குச் சோனாவையும் சேர்த்தே அழைத்திருந்தாள். சமையலறையில் புது அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்த சோனா மேடைக்கு அடியில் இருந்த துணிப்பையை முகர்ந்தாள். உட்கார்ந்தாள்.

"இன்னா மாமா, பாயசம் ஊத்துற வரைக்கும் எந்திரிக்காதா?" என்று கேலி செய்தான் அனுசுயாவின் தம்பி எத்திராஜ்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரத்துக்கு மானம் போனது. "உட்டோ! எந்திரி!" என்று இந்தியும் தமிழுமாக அதட்டி வாரைப் பிடித்து இழுத்தார். சோனா அசையவில்லை. அவரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

வாரை விட்டார்.

"அடுப்ப அணைங்க! எல்லாரும் வெளிய!"

ராணுவக் குரலுக்கு வீடே காலியானது. பந்திக்கு முன்கூட்டியே இடம் பிடித்து உட்கார்ந்திருந்த ஒருவர் இலையோடு ஓடினார். ஏகாம்பரம் பையை மெல்ல வாசலுக்குக் கொண்டுவந்து பிரித்தார். மேலே வெற்றிலைக் கட்டு, அடியில் சுருள் சுருளாகச் சரவெடி.

எத்திராஜ் முகம் வெளிறியது. "பால் பொங்குனதும் வாசல்ல கொளுத்தலாம்னுதான் மாமா..."

"அதுக்கு அடுப்பாண்டயா வெப்ப?" அக்காவின் கை அவன் முதுகில் விழுந்தது.

சோனா இன்னும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பந்து கையில் இல்லை. அனுசுயா பூஜைத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். ஏகாம்பரம் அதைத் தூக்கிப் போட்டார். சோனா எகிறிக் கவ்வினாள். புளிப்பில் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் பழத்தை விடவில்லை.

அவர் மண்டியிட்டு அவள் காதோரம், "சாபாஷ்டி கண்ணு. மன்னிச்சுக்கோ" என்றார். காஷ்மீரில் ஒருநாளும் அவர் அவளைச் சந்தேகப்பட்டதில்லை. நாலு பேர் சிரித்ததும் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று மனம் உறுத்தியது. சோனா அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் அவர் மூக்கை நக்கினாள்.

சாயங்காலம் தெருமுனையில் எத்திராஜ் சரவெடியைக் கொளுத்தினான். தெருநாய்கள் நாலா பக்கமும் சிதறின. சோனா அனுசுயாவின் மடியில் தலை வைத்துக் குறட்டை விட்டாள்.