அழித்து எழுதிய நிமிடங்கள்

அன்று அவன் கணக்கில் இருந்தது நானூற்று முப்பத்து மூன்று நிமிடமா, முப்பத்து நான்கா என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. முப்பத்து மூன்று என்றே வைத்துக்கொள்வோம். அவன் கோபம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கூடைப்பந்து அணியில் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். பதின்மூன்று பேர் கொண்ட அணி. பதின்மூன்று பேரும் ஆடத் தெரிந்தவர்கள், அதுதான் வினை. ஆட்டம் நாற்பது நிமிடம், களத்தில் ஐந்தே இடம். யாரை எப்போது இறக்குவது, எப்போது உட்காரவைப்பது என்பதெல்லாம் துணைப் பயிற்சியாளர் கையில். அவர் ஒட்டகத்தின் அக்கா புருஷன். முப்பது ஆட்டங்களில் நானூற்று ஐம்பது நிமிடம் ஆடியவனுக்குத்தான் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் என்பது நிர்வாகத்தின் விதி. அன்று முப்பதாவது ஆட்டம். இன்னும் பதினேழு நிமிடம் வேண்டும்.

உடைமாற்றும் அறையில் அவர் வைத்துவிட்டுப் போன நிமிடக் கணக்கு அட்டைகளை ஒட்டகம் புரட்டினான். ஆட்டத்துக்கு ஓர் அட்டை. ஒவ்வொன்றிலும் அவனுக்கு நேரே பென்சிலில் ஓர் எண். அதை அழித்து, ஒன்று குறைத்து, இன்னோர் எண். பதினாறு பதினைந்தாகியிருந்தது. பதினெட்டு பதினேழாகியிருந்தது. வேறு யாருக்கும் அழித்த தடமே இல்லை.

அவர் திரும்பி வந்ததும் அட்டைகளை நீட்டினான். "என்ன மாமா இது?"

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "மச்சினனுக்கு அள்ளிக் குடுக்கிறான்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாதுடா. அதான் ஒரே ஒரு நிமிஷம்..."

"இருபத்தொன்பது ஆட்டம் மாமா! ஊர் வாயை மூட உலைமூடி கெடைக்கலன்னு என் வயித்துல அடிச்சீங்களா?"

"இன்னிக்குப் பதினெட்டு போட்டிருக்கேன். உங்கக்கா மேல சத்தியம்."

"அவளை இழுக்காதீங்க. அவளையும் ஒண்ணு கொறைச்சிடுவீங்க."

ஆட்டத்தில் முப்பது நிமிடம் முடிந்தபோது அவன் ஒன்பது ஆடியிருந்தான். கடைசிப் பத்தில் எட்டு வேண்டும். ஆட்டம் நின்றால்தான் ஆளை மாற்றலாம். எட்டரை நிமிடம் மீதமிருக்கையில் விசில் ஒலித்தது. மாமா பாதி எழுந்து அவன் பக்கம் கையை நீட்டினார்.

பெஞ்சின் மறுகோடியில் கிழவன் இருந்தான். முப்பத்தாறு வயதுக்கே அணி சூட்டிய பெயர் அது. அவன் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான்: "பந்திக்கு முந்தணும்னா வீட்ல ஒரு அக்கா வேணும்பா."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நீட்டிய கையால் மாமா தன் பிடரியைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார்.

ஒட்டகம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு கடந்தது. அவன் பல்லைக் கடித்த சத்தம் அவனுக்கே கேட்டது. ஏழு நிமிடம் சொச்சத்தில் அடுத்த விசில்.

"போடா, இப்போ போ," என்றார் மாமா.

"இப்போவா? இன்னும் கொஞ்சம் கொறைச்சுக்கலாமே மாமா."

போனான். அவரை அறைய முடியாத கையால் பந்தைத் தரையில் அறைந்தான். ஐந்து முறை கூடைக்குள் போட்டான். ஒருமுறைகூட பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. அன்று மொத்தம் பதினாறு நிமிடம் சொச்சம். சொச்சத்தை நிர்வாகம் எண்ணுவதில்லை.

அணி வென்றது. நானூற்று நாற்பத்தொன்பதுக்கு ஒப்பந்தம் வரவில்லை. ஒட்டகம் இரண்டாம் நிலை அணியொன்றில் இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியனானான். கிழவன் முழங்கால் வலியோடு ஓய்வு பெற்றான். மாமா தலைமைப் பயிற்சியாளரானார்; பாரபட்சம் பார்க்காதவர் என்று பெயரெடுத்தார். அக்கா அவரோடு நான்கு மாதம் பேசவில்லை, பிறகு பேசினாள். தம்பி இன்றுவரை பேசவில்லை.