பெயர் வரும்போது வெளியே போக வேண்டும்

பதவி உயர்வுக் குழு கூடும் அறையில் யாருடைய பெயர் பேசப்படுகிறதோ, அவருடைய சொந்தக்காரர் உள்ளே இருக்கக் கூடாது. விதி அப்படி. விதியை எழுதியவர்களுக்கு அக்கா என்று ஒருத்தி இருந்ததில்லை போலிருக்கிறது. இருந்திருந்தால், அறையைவிட்டுப் போனால் போதாது, ஊரைவிட்டே போய்விட வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்திருப்பார்கள்.

தம்பி அன்று காலை அந்த அறையிலிருந்து எழுந்து வெளியே போனான். ராணுவத் தலைமையகத்தில் அவன் மேஜர். ஆனால் எத்தனை பட்டை குத்தினாலும் அக்காவுக்கு அவன் தம்பிதான், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். குழுவின் செயலாளர் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துவிட்டதால் அந்த வேலை இவன் தலையில் விழுந்தது. வரிசையில் தன் அக்கா வீட்டுக்காரரும் இருக்கிறார் என்பதை முதல் நாளே தலைவரிடம் சொல்லிவிட்டான்.

“அந்தப் பேர் வரும்போது வெளிய போயிடு. உன் கீழ இருக்கிற கேப்டன் உன் இடத்துல உக்காரட்டும்” என்றார் தலைவர். அதோடு சரி. தலைவர் ஜெனரல். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் கருங்கல் என்பார்கள். அவர் முகத்தைப் பார்த்து அவருக்குப் பசிக்கிறதா, கோபமா என்றுகூடச் சொல்ல முடியாது.

மாமா லெப்டினன்ட் கர்னல். கர்னல் பதவிக்கு இரண்டு முறை அவர் பெயர் போய், இரண்டு முறையும் தள்ளுபடியாகித் திரும்பி வந்தது. இது மூன்றாவது, கடைசி. இதிலும் தவறினால் கட்டாய ஓய்வு. குடியிருப்பு வீட்டை அந்த மாதமே காலி செய்ய வேண்டும். பத்தாவது படிக்கிற மகளை நடு ஆண்டில் வேறு பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் முடிவு வெளியாவதற்கு முன், குழு கலைகிற நாளின் அலுவலக நேரத்துக்குள், தானாகவே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் கதை வேறு. கௌரவ கர்னல் பட்டம் உண்டு, பிள்ளையின் படிப்பு முடியும்வரை அதே வீட்டில் இருக்கலாம், படைப்பிரிவு வரிசையாக நின்று வழியனுப்பும். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, அது ஒன்றுதான். ஆக, மூன்றாவது முறை நிற்கிற ஒவ்வொருவனும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு முடிவு எடுக்க வேண்டும். இந்த விதியை யோசித்தவர் சீட்டாட்டத்தில் கை தேர்ந்தவராகத்தான் இருந்திருப்பார்.

மாமா கொடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தார். ஒரு படைப்பிரிவைத் தன் கையில் வைத்து நடத்திப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. “தள்ளுனா தள்ளட்டும். நானா இறங்க மாட்டேன்” என்று சொல்லியிருந்தார். அக்காவும் தலையாட்டியிருந்தாள்.

வெளியே போன தம்பி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தான். கதவு கனமான கதவு. உள்ளே ஒருமுறை யாரோ சிரித்தது மட்டும் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. குழுவில் வயதில் சின்னவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும், பெரியவர் வாயைப் பார்த்துச் சின்னவர் பேசிவிடக் கூடாது என்று அங்கே ஒரு வழக்கம். இந்நேரம் சின்னவர் பேசியிருப்பார், இப்போது அடுத்தவர், இப்போது கருங்கல் என்று மனத்துக்குள் அவனே ஒவ்வொருவராகப் பேசவைத்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. அவன் உள்ளே போய்த் தன் நாற்காலிக்குத் திரும்பும் வழியில் கருங்கல் அவன் தோளில் கை வைத்து மெல்லத் தட்டினார்.

கருங்கல் யாரையும் தட்டியதாக அந்தக் கட்டடத்தில் சரித்திரமே கிடையாது. தம்பிக்கு அதற்குப் பிறகு பேசப்பட்ட பெயர்கள் ஒன்றும் காதில் ஏறவில்லை. எதற்குத் தட்டினார்? பரிசு வாங்கினாலும் தட்டுவார்கள், துக்க வீட்டிலும் தட்டுவார்கள். இது எந்தத் தட்டல்?

மதியம் குழு கலைந்தது. தம்பி தன் அறைக்கு வந்து தொப்பியைக் கழற்றி வைப்பதற்குள் அக்கா வந்து நின்றாள். அதிகாரி மனைவி என்ற அட்டையைக் காட்டி வாசலைத் தாண்டி வந்திருக்கிறாள்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சுக்கா. நீ இன்னிக்கு இங்க வரக் கூடாது.”

“நான் ஒண்ணும் கேக்க வரல.”

கேட்க வராதவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“முடிஞ்சிடுச்சா?”

“எது?”

“டேய்.”

“முடிஞ்சிடுச்சு.”

“மாமா பேரு?”

“அந்தப் பேர் வந்தப்ப நான் வெளிய இருந்தேன்கா. சொந்தக்காரங்க உள்ள இருக்கக் கூடாது. எனக்குத் தெரியாது.”

“இதப் போயி யார்கிட்ட சொல்ற? நீ வெளிய இருந்தா, உள்ள உக்காந்தவன் உன் கேப்டன்தானே.”

“அவன் சொல்லல. நானும் கேக்கல.”

“சரி, நீ வாயே திறக்க வேணாம். என்னை மட்டும் நிமிந்து பாரு.”

அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அக்கா. ராணுவப் பள்ளிக்கு அவனைக் கூட்டிப் போய்ச் சேர்த்தவர் மாமா. பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தது யார், கணக்கில் தவறியது யார் என்பதையெல்லாம் அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை. இந்தப் பையன் என்னிடம் எதையும் மறைக்க முடியாது என்று அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமைதான் அன்றைக்குக் குடியைக் கெடுத்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மனத்தில் இருந்ததெல்லாம் அந்தத் தட்டல் ஒன்றுதான். முகத்தைக் கருங்கல் மாதிரி வைத்துக்கொள்ளப் பார்த்தான். அது பிறவியிலேயே வர வேண்டும் போலிருக்கிறது, கன்னம் துடித்தது. அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன.

“சரி. புரிஞ்சுடுச்சு.”

“என்ன புரிஞ்சுது? எனக்கே ஒண்ணும் தெரியாதுங்கிறேன்.”

“கெட்ட சேதின்னா உனக்கு என்னைக்கு வாய் வந்திருக்கு?” அவள் எழுந்துகொண்டாள்.

“அக்கா, அவசரப்பட்டு மாமாவ எதையும் கொடுக்கச் சொல்லாத.”

அவள் அப்படியே நின்றாள். “கொடுக்க வேணாங்கிறியா? அப்ப பதவி வந்திருக்கா? அதையாவது சொல்லு. கொடுக்க வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னா நான் பேசாம வீட்டுக்குப் போறேன்.”

வேண்டாம் என்றால், முடிவைச் சொன்னதாக ஆகும். தெரியாத முடிவை. நாளைக்குத் தள்ளுபடி என்று வந்தால், இவன் பேச்சை நம்பி மாமா சாமான்களோடு தெருவில் நிற்பார். கொடுக்கட்டும் என்றால் அதுவும் அப்படித்தான்.

“நான் எதுவும் சொல்லல” என்றான்.

அக்கா போய்விட்டாள். படியிறங்கும் செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

பின்னாலேயே கேப்டன் இரண்டு தம்ளர் தேநீரோடு வந்து கதவைச் சாத்தினான். நல்ல பையன், வம்புதும்புக்குப் போகாதவன். “சார், ஒரு விஷயம்” என்று குரலைத் தாழ்த்தினான்.

“எங்க மாமா விஷயமா?”

“ஆமா சார். எப்படியும் நாளைக்கு ஊருக்கே தெரியப் போவுது. மேடம் அழுதுட்டே போறாங்க. ஒரே ஒரு வார்த்தை சார்.”

“வேணாம்.”

“சார்...”

“சொல்லாத. வெளிய போ.”

கேப்டன் ஒரு தம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். ஒரே வார்த்தை. ‘ஆச்சு’ என்பதும் ஒரே வார்த்தைதான், ‘ஆகல’ என்பதும் ஒரே வார்த்தைதான். தான் செய்தது சரி என்று தம்பிக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. தம்ளரில் தேநீர் ஆறி ஆடை கட்டிய பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. மாமாவின் படைப்பிரிவுக்குப் போன் போட்டான். “ஐயா அம்மாகூட வெளிய போயிருக்கார் சார்” என்றது மறுமுனை.

எங்கே போயிருப்பார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தம்பி படிகளில் தடதடவென்று இறங்கி, வாகனக் கொட்டகையைச் சுற்றி, ஓய்வுப் பிரிவுக் கட்டடத்துக்கு ஓடினான். மேஜர் ஒருவர் தலையில் தொப்பியில்லாமல் ஓடுவதைப் பார்த்த காவலன், போர் வந்துவிட்டதோ என்று விறைத்து நின்றான்.

அக்காவை முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாமா மட்டும் அந்தக் கட்டடத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை.

“கொடுத்துட்டீங்களா மாமா?”

“கொடுத்துட்டேன்பா. முத்திரையும் குத்தியாச்சு.”

“ஏன் மாமா? நிப்பேன்னு சொன்னீங்களே.”

“உங்க அக்கா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. கொடுத்துடுங்க, மரியாதையா போயிடலாம்னா. எங்கேருந்து வர்றேன்னு நான் கேக்கல. கேட்டா உன் பேர் வரும். அப்புறம் உன் வேலைக்கும் ஆபத்து.”

“நான் ஒண்ணும் சொல்லல மாமா. எனக்குத் தெரியவே தெரியாது. என்னை வெளிய அனுப்பிட்டாங்க.”

மாமா அப்படியே நின்றுவிட்டார். அவரும் இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்தவர்தான். சொந்தக்காரர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னவர்தான்.

“ஆமா. வெளிய அனுப்பிடுவாங்க” என்றார் மெதுவாக. “இது எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?” பிறகு, மேலே கட்டடத்தின் ஜன்னலைப் பார்த்தபடி, “போகட்டும் விடு. நாளைக்கு எப்படியும் இல்லன்னுதான் வரப் போவுது” என்றார். அப்படியே இருந்துவிடட்டும் என்று தம்பி மனதார வேண்டிக்கொண்டான். மாமா தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை எந்த மச்சினனுக்கும் வரக் கூடாது.

மறுநாள் காலை கருங்கல் அவனைக் கூப்பிட்டு, தேர்வானவர்களின் பட்டியலை நீட்டினார். முதல் பெயர் மாமாவுடையது.

“இதை அடிச்சிட்டு அடுத்தவரை மேல ஏத்து” என்றார். “ஓய்வு கேட்டவர் பேர் இருக்கக் கூடாது. நாங்க எல்லாரும் ஒரே மனசாப் போட்ட பேரு. நேத்து உன் தோளத் தட்டினேனே, சந்தோஷத்துலதான். தட்டியிருக்கக் கூடாது, என்னமோ கை போயிடுச்சு. இந்த மனுஷன் ஏன் இப்படி அவசரப்பட்டார்னு உனக்கு ஏதாவது தெரியுமா?”

“தெரியாது சார்” என்றான் தம்பி. இந்த விவகாரத்தில் அவன் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை அவர் நம்பிவிட்டார்.

அடிக்கோலை வைத்துக் கோடு போட்டான். அப்படியும் கோடு ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனான். சேதி அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மாமா மகளுக்கு ஏதோ கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது, தம்பிக்குத்தான் அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. அக்கா சமையலறையில் காய் நறுக்கும் பலகைக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

“உன் முகத்தப் பார்த்துதாண்டா சொன்னேன்” என்றாள்.

“என் முகத்துக்கே தெரியாதுக்கா.”

“மாமாவும் அதத்தான் சொல்றார். நீ வெளிய இருந்தியாம், உனக்குத் தெரிஞ்சிருக்காதாம். நம்புறேன். நான்தான் கெடுத்தேன். என் கையாலயே கெடுத்தேன்.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கேப்டன் முடிவைச் சொல்ல வந்ததையும் தான் தடுத்ததையும் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

அக்கா கத்தியைத் தள்ளி வைத்தாள். “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லு. நேத்து உனக்குத் தெரிஞ்சிருந்தா, எங்கிட்ட சொல்லியிருப்பியா?”

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அவன் பதில் சொல்லும்வரை அக்கா காத்திருக்கவில்லை. எழுந்து, அந்த முகத்தைப் பார்க்காமல் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குழாயைத் திறந்து காய்களைக் கழுவத் தொடங்கினாள்.