ஆயிரத்து நாற்பது மீட்டர்

என் ஓரகத்தி வீடு வாங்கினாள். வாங்கட்டும். எதிரிலேயே பூங்கா, பக்கத்துத் தெருவில் நூலகம், முனையில் மருந்துக்கடை, வாசலில் பஸ் நிறுத்தம். இத்தனையும் ஒருத்திக்கே எதற்கு? நாங்கள் இருக்கும் இடத்தில் தலைவலி மாத்திரை வாங்கக் கிளம்பினால், கடையை அடைவதற்குள் தலைவலி தானாகவே போய்விடும்.

ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினாள். மாடியில் ஜன்னலைப் பார்த்து மேசை போட்ட ஓர் அறை காலியாகக் கிடந்தது. யாருக்கு என்று கேட்டால் சிரிக்கிறாள். ஆளே இல்லாத அறைக்கு மேசை! கொழுப்புதானே?

“அக்கா, அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல ஒரு கிலோமீட்டருக்குள்ள வீடு இருந்தா கண்டிப்பா இடம் குடுப்பாங்களாம். பூங்கா வழியா பத்தே நிமிஷம்!”

அவள் மகன் இன்னும் தவழ்கிறான். என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறவள். வீடு தூரம் என்று அதே பள்ளி அவளை இரண்டு முறை தள்ளிவிட்டது. தினமும் இரண்டு பஸ் மாறி, வாந்திக்கு ஒரு பையும் கையுமாக வேறொரு பள்ளிக்குப் போய் வருகிறாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது?

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். மறுநாளே அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு அவள் வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை நடந்தேன். பூங்கா வழியாகத் தொள்ளாயிரத்து எழுபது மீட்டர். ஆனால் பள்ளி மணி எட்டுக்கு. பூங்காவைத் திறப்பதே எட்டரைக்கு. அப்படியானால் அது வழியே இல்லை. சாலை வழியாக ஆயிரத்து நாற்பது. மாட்டினாயா மகராசி!

வரைபடம் போட்டு, இந்த வீடு ஒரு கிலோமீட்டருக்கு வெளியே என்று எழுதி, பெயர் போடாமல், பள்ளிக்குத் தபாலில் அனுப்பினேன். அன்று எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

மூன்று வாரம் கழித்து, நாங்கள் மூவரும் வீட்டில் இருந்தபோது ஓரகத்தி வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அக்கா, பாப்பாவுக்கு இடம் இல்லைன்னுட்டாங்க.”

“எந்தப் பாப்பாவுக்கு?”

“நம்ம பாப்பாவுக்குத்தான். எங்க வீட்டுல தங்கிப் படிக்கட்டும்னு எங்க விலாசத்துல விண்ணப்பம் போட்டோம். உங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி, இடம் கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்னு மாமாதான் சொன்னாரு. அந்த மாடி ரூமை அவளுக்காகத்தான் ஒழிச்சு வெச்சேன்.”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எவளோ வயித்தெரிச்சல்காரி எழுதிப் போட்டிருக்கா. நகல் குடுத்தாங்க. அளவுல எங்கயாவது தப்பு இருக்கான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

நான் கை நீட்டுவதற்குள் மகள் அதை வாங்கிக்கொண்டாள். வலது மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி, அதன் வாலில் ஒரு குட்டி இலை. அவளுடைய வீட்டுப்பாட வரைபடங்களுக்கெல்லாம் நான் போட்டுக்கொடுக்கும் அதே இலை. பெயரை விட்டவளுக்கு அதை விடத் தோன்றவில்லை. கைப்பழக்கம்.

அந்த இலைமேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பார்த்தாள்.

“தப்பே இல்ல சித்தி,” என்றாள். “அளந்தவங்க சரியாத்தான் அளந்திருக்காங்க.”

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் வாந்திப் பையை நீட்டினேன். வாங்காமலே ஏறிவிட்டாள்.