ஸ்டூலின் மேல் முடி

ஈரத் தரையில் கால் வைத்ததற்குத் திட்டு விழும் என்று முடிதிருத்துபவர் தயாராகத்தான் நின்றார். ஆனால் மனைவி மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் பதித்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டாத மனைவியைப் பார்த்ததும் அவரே மாப்பை எடுக்கப் போனார்.

"இது என்னங்க?"

"கால் தடம். துடைச்சிடறேன்."

"துடைக்காதீங்க! நடுவுல வளைவே இல்லையே. செங்கல்ல வச்சு எடுத்த மாதிரி இருக்கு."

செருப்புக் கடையில் பதினோரு வருடமாக ஊரார் பாதங்களை அளப்பவள் அவள். யாருக்கு எந்தக் கால் அரை அளவு பெரிது என்பது வரை தெரியும். வீட்டிலிருந்த காலை மட்டும் பார்த்ததில்லை. தலையை மட்டுமே பார்க்கும் அவரைக் கேட்டால், மனிதன் கழுத்தோடு முடிந்துவிடுகிறான்.

ஒன்பது வருடமாக அவர் இடுப்பில் ஒரு வலி வாடகையில்லாமல் குடியிருந்தது. பெல்ட் கட்டினார், பலகையில் படுத்தார், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சொன்ன வைத்தியத்தையெல்லாம் செய்தார். கையில் கத்தி இருந்தும் எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். அது அவருக்கு அவமானமாக இருந்தது. இப்போதெல்லாம் ஒரு தலை முடிந்தால் ஒரு தடவை ஸ்டூலில் உட்கார்ந்தாக வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து காவலாளி வேலை. மனைவியின் தம்பி பிடித்துக் கொடுத்தது. பதினாறு வயதில் எடுத்த கத்தரிக்கோலை வைத்துவிட்டு, உட்கார்ந்து கதவைப் பார்க்க வேண்டும். அதை நினைத்தால் இடுப்பை விட வேறெங்கோ வலித்தது.

"சலூன் கடையில செருப்பு போடுவீங்களா?"

"வெட்டின முடி உள்ள போய் குத்தும். வெறுங்கால்தான்."

"டைல்ஸ் மேலயா? இத்தனை வருஷமாவா? தட்டைக் காலோட நின்னா இடுப்பு வலிக்காம என்ன பண்ணும்?"

"நீ கேக்கவே இல்லையே."

மறுநாள் மூடின ஷூவும், உள்ளே வைக்க நடுவில் மேடு வைத்த ஒரு அட்டையும் வந்தன. முதல் நாள், பாதத்துக்கடியில் தவளை உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு என்று பழக்கினாள். "மூணு வாரம் பாருங்க. சரிப்படலேன்னா கதவைப் பாக்கப் போங்க."

மூன்றாவது வாரக் கடைசியில் மைத்துனன் கடைக்கு வந்தான்.

"மாமா, நாளைக்கு யூனிபார்முக்கு அளவு குடுக்கணும். வரீங்கதானே?" என்றபடி ஸ்டூலை இழுத்தவன் முகம் சுளித்தான். "இதைத் துடைக்கவே மாட்டீங்களா?"

முடிதிருத்துபவர் திரும்பிப் பார்த்தார். அவர் அந்த ஸ்டூலைத் துடைத்ததே இல்லை. ஒவ்வொரு தலைக்கும் பிறகு அவருடைய பேண்ட் துடைத்துவிடும். இன்று அதன் மேல் பள்ளிக்கூடத்துப் பையனின் சுருட்டை கிடந்தது. அதன் மேல் தபால்காரரின் நரை, அதன் மேல் யாரோ சாயம் பூசிய செம்பட்டை. காலையிலிருந்து வந்த தலைகள் வந்த வரிசையிலேயே படிந்திருந்தன. மணி ஒன்று.

அவர் இடுப்பில் வலியைத் தேடினார். இல்லாமல் போகவில்லை. அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ மெல்லக் கேட்டது, அவ்வளவுதான்.

"மாமா?"

"மாப்ள, அதுல உக்காராத."

"அப்ப நாளைக்கு?"

அவர் அடுத்த தலைக்கான துணியை எடுத்து உதறினார். கத்தரிக்கோல் விரல்களிலேயே நின்றிருந்தது. மின்விசிறிக் காற்றில், மேலே கிடந்த ஒற்றைச் செம்பட்டை முடி மட்டும் எழுந்து, யோசித்து, மறுபடி படுத்தது.