காதில் விழாத கேள்வி

மாலை ஆறு மணிக்குக் கப்பலிலிருந்து குரல் வரும். அதற்குள் யாழினி தில்லை நகர் ஸ்கேன் சென்டரில் கடைசி ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து முடித்து, பஸ்ஸில் காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்து வீட்டின் மூன்று மாடிகளையும் ஏறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹெட்போனை மாட்டியிருப்பாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து பக்கத்து வீட்டுத் தென்னை வரை இழுத்துக் கட்டிய கம்பிதான் அவளுடைய ஆன்டெனா. அம்மா அனுசுயா ஒருநாள் அதில் துண்டு காயப்போட்டு மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

குரலுக்குரியவன் செந்தமிழன். லால்குடிக்காரன், சரக்குக் கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசர். ஐந்து மாதத்துக்கு முன்னால், ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்த மூன்றாவது வாரம், யாராவது இருக்கிறீர்களா என்று யாழினி நடுங்கும் குரலில் பொதுவாக அழைத்தாள். இரைச்சலுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"ஸ்ரீரங்கமா? நான் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்ங்க. இப்ப ஏடன் கிட்ட இருக்கேன்."

அன்றிலிருந்து பள்ளிக்கூட அட்லஸில் பென்சிலால் அவனைப் பின்தொடர்ந்தாள். மாலத்தீவுக்கு மேற்கே ஒரு புள்ளி, மொம்பாசாவுக்கு வெளியே ஒன்று. கடல் சில நாட்களில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போல இருக்கும் என்று அவன் சொன்னான். காவிரியில் தண்ணீர் விட்ட அன்று, படித்துறையில் எந்தப் படி வரை நனைந்திருக்கிறது என்று இவள் சொன்னாள். அவன் முகம் எப்படியிருக்கும் என்று தெரியாது. போன் நம்பரும் தெரியாது. கேட்கலாம்தான். ஆனால் அலைவரிசைக்குக் கதவு கிடையாது. திருச்சி ஹாம் கிளப்பிலுள்ள மற்ற இருபத்து இரண்டு பேரும், அதற்கப்பால் கன்னியாகுமரி வரை ரேடியோ வைத்திருக்கும் யாரும், எந்த நிமிடமும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் உங்க நம்பர் என்ன என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. அவனுக்கும் அதே கூச்சம் இருந்திருக்க வேண்டும்.

எதிர்முனைக் குரல் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண்களில் சொல்வது ஹாம்களின் வழக்கம். முதல் எண் தெளிவுக்கு, ஐந்து வரை. அடுத்தது பலத்துக்கு, ஒன்பது வரை. ஐம்பத்தொன்பது என்றால் பக்கத்து அறையில் பேசுவதுபோல என்று அர்த்தம். உண்மையில் யாரும் அளந்து பார்த்துச் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் பிரமாதம் என்போமே, அப்படி எல்லோரும் எல்லோருக்கும் ஐம்பத்தொன்பது கொடுத்துவிடுவார்கள். யாழினியும் கொடுத்தாள். குரல் நன்றாகக் கேட்ட நாளிலும் கொடுத்தாள்; முக்கால்வாசியை ஊகித்துக்கொண்ட நாளிலும் கொடுத்தாள். உங்க குரல் சரியா விழலை என்றால், அவன் கம்பியைச் சரிபார்க்கப் போய்விடுவான். அன்றைய பேச்சு அதோடு போய்விடும்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஒரு மாலை அவன் வழக்கத்தைவிட நீளமாகப் பேசினான். குரல் ஏறுவதும் அமிழ்வதுமாக இருந்தது. "யாழினி, ஒண்ணு கேக்கணும்" என்பது விழுந்தது. பிறகு கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் ஓர் இரைச்சல். நடுவில் "லோக்கல்ல" என்று ஒரு சொல். கடைசியில் "சரியா?" என்பது மட்டும் தெளிவாக வந்தது.

மறுபடி சொல்லுங்க என்று கேட்டிருக்கலாம். அவன் குரலில் இருந்த தயக்கம் அவளைத் தடுத்தது. இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்வதா? நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"ரோஜர்" என்றாள். புரிந்தது என்று அர்த்தம். "ஐம்பத்தொன்பது."

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆறு மணி வந்ததும் அதே அலைவரிசையில் உட்கார்ந்து, குமிழைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே திருகிப் பார்த்தாள். ரஷ்யக்காரர் ஒருவர் கிடைத்தார். இந்தோனேஷியாவிலிருந்து யாரோ சிரித்தார்கள். இத்தனை பெரிய வானத்தில் ஒரு தொண்டையைத் தேடுகிறோமே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. தெரியாத கேள்விக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறோம், அது என்னவென்று தெரியாமலே போய்விடுமோ என்ற பயம் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூட வந்தது.

சனிக்கிழமை மன்னார்புரத்திலுள்ள ரஷீதாவின் செல்போன் கடைக்குப் போனாள். ரஷீதாதான் கிளப்பின் செயலாளர். நாற்பது வயது, கையில் எப்போதும் சால்டரிங் அயர்ன். மாடியில் நாற்பதடிக் கம்பத்தில் ஆன்டெனா.

"அக்கா, அன்னைக்கு அவர் என்ன கேட்டாருன்னு உங்களுக்கு விழுந்துச்சா? உங்க ஆன்டெனா ஒசரமாச்சே."

ரஷீதா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "நாங்க எங்கடி கேட்டோம்? நீங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சாலே மத்தவங்க வேற பக்கம் திருப்பிடணும்னு கிளப்புல எப்பவோ பேசி வச்சுட்டோம். பீமராவ் சார்தான் முதல்ல சொன்னாரு. சின்னஞ்சிறுசுங்க, விட்டுடுவோம்னாரு."

யாழினிக்கு முகம் சுட்டது. "எல்லாருமா?"

"இருபத்து ரெண்டு பேரும். அஞ்சு மாசமா. எவ்ளோ கஷ்டம் தெரியுமா?" ரஷீதா இப்போதுதான் நிமிர்ந்தாள். "நாளைக்குக் காலையில நெட்ல கேளு. எவனாவது பேசி வச்சதை மீறி ஒட்டுக் கேட்டிருந்தா சொல்லுவான்."

"எல்லார் முன்னாடியுமாக்கா?"

"பின்ன, அவர் கேட்டது என்னன்னு தெரிய வேணாமா உனக்கு?"

நெட் என்பது ஞாயிறு காலை ஏழு மணிக்கு உள்ளூர் அலைவரிசையில் கிளப் உறுப்பினர்கள் கூடுவது. ரஷீதா பேர் பேராகக் கூப்பிடுவாள், ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை சொல்வார்கள். சின்னக் கைக்கருவி போதும். ஹேண்டி என்பார்கள் அதை. யாழினி மாடிச் சுவரோரம் நின்று தன் முறைக்குக் காத்திருந்தாள். முறை வந்தபோது, முந்தின இரவு எழுதி வைத்திருந்த வாக்கியம் கையில் இருந்தும் பயன்படவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். கப்பல்ல இருக்கிற செந்தமிழன் போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒண்ணு கேட்டாரு. எனக்கு விழவே இல்லை. விழுந்த மாதிரி ரோஜர்னு சொல்லிட்டேன். ஐம்பத்தொன்பதுன்னு வேற சொன்னேன். முப்பத்தொண்ணுகூட இல்லை. யாராவது கேட்டிருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க."

பீமராவ் வந்தார். ரயில்வேயில் வேலை, காரில் ரேடியோ பொருத்தியவர்.

"அம்மா யாழினி, கப்பல்ங்கறீங்க. அந்தப் பையன் பத்து நாளா இங்கதானே இருக்கான்? சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீட்டுக்கு வர்றப்ப இதே லோக்கல் அலைவரிசையில உங்களைக் கூப்பிட்டுட்டு இருப்பான். தினமும்! நீங்க வேற எங்கயோ பதில் சொல்றீங்கன்னு நெனச்சு நான் ரேடியோவ அணைச்சுடுவேன். நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல."

யாழினி பத்து மாலைகளும் கடலுக்கு அப்பால் காதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் கொள்ளிடத்துக்கு அந்தக் கரையிலிருந்து கூப்பிட்டிருக்கிறான்.

"ப்ரேக்" என்றது ஒரு குரல். குறுக்கிட அனுமதி கேட்கும் சொல். பின்னால் இரும்புச் சக்கரங்களின் தடதடப்பு. இரைச்சலே இல்லாமல் அந்தக் குரலை அவள் முதல்முறையாகக் கேட்டாள். நினைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கட்டையாக இருந்தது, மூக்கடைப்பும் இருந்தது.

"குறுக்கிட்ட ஸ்டேஷன் பேசலாம்" என்றாள் ரஷீதா. "சீக்கிரம் பேசுங்க தம்பி."

"யாழினி, செந்தமிழன். சென்னை வண்டியில இருக்கேன். இப்பத்தான் லால்குடி தாண்டுச்சு. நாளைக்கு ஃப்ளைட், அப்புறம் வேற கப்பல். ஆறு மாசம்." மூச்சு வாங்கினான். "அன்னைக்குக் கேட்டது இதுதாங்க. பத்து நாள் லீவுல ஊருக்கு வரேன். தினமும் ஆறு மணிக்கு லோக்கல்ல கூப்பிடறேன். பாக்கலாம்னா பதில் சொல்லுங்க. வேணாம்னா பேசாம இருந்துடுங்க, நான் புரிஞ்சுக்கறேன்னு சொன்னேன். நீங்க ரோஜர்னீங்க. அப்புறம் பேசவே இல்லை."

அவள் பேசும் பொத்தானை அழுத்தினாள். "வேணாம்னு இல்லைங்க. நான் உங்களைக் கப்பல்லயே தேடிட்டு இருந்தேன்."

யாரோ பொத்தானைத் தெரியாமல் அழுத்தி, மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பீமராவாக இருக்கலாம்.

"குரல் இறங்குது" என்றான் அவன். "திரும்ப..."

அவனுடைய வார்த்தையின் வால் அறுந்து போனது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கைக்கருவிக்கு அவ்வளவுதான் தூரம். இருபத்து இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அலைவரிசையில் யாழினி தன் போன் நம்பரைச் சொல்லத் தொடங்கினாள். ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை, பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. ஆறாவது எண்ணுக்குப் பிறகு அவனிடமிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"எனக்கு இன்னும் விழுறாரு" என்றாள் ரஷீதா, நாற்பதடிக் கம்பத்திலிருந்து. "மிச்சத்தைச் சொல்லு, நான் கடத்துறேன்."

யாழினி நான்கு எண்களையும் சொன்னாள். ரஷீதா அவற்றை ஒவ்வொன்றாக, கத்திக் கத்தி, வயல்களுக்கு மேலே அனுப்பினாள். தென்னையில் காக்கை ஒன்று கம்பியைக் கொத்திப் பார்த்தது.

"அக்கா, என்ன சொன்னாரு?"

"ரோஜர்னாரு." ரஷீதா தயங்கினாள். "எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அதுக்குள்ள போயிட்டாரு. வண்டி புள்ளம்பாடியைத் தாண்டியிருக்கும்."

அடுத்த உறுப்பினரை ரஷீதா கூப்பிடவில்லை. நெட் அப்படியே நின்றது. யாழினி போனை எடுத்து மாடிச் சுவர்மேல் வைத்தாள். ஒலி முழுதாக இருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்ததையே மறுபடியும் பார்த்தாள். கடைசி எண்ணை அவன் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் யாரோ ஒரு அரியலூர்க்காரர் தூக்கம் கலைந்து திட்டுவார். அவன் வேறோர் எண்ணைப் போட்டு முயன்று பார்ப்பானா? கூச்சக்காரன். பார்க்கவும் செய்வான், பத்து நாள் கூப்பிட்டவன்தானே.

"காபி ஆறுதுடி" என்று கீழிருந்து அம்மாவின் குரல் வந்தது.

மாடிப்படியில் டவர் கிடைக்காது.

"இங்கயே கொண்டு வாயேம்மா" என்றாள் யாழினி, வடக்கே வயல்கள் தொடங்கும் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.